அம்மாவின் கைரேகை விழவில்லை, ஆதாரைப் பூட்டினால் ரேஷன் நின்றுவிடுமா?

கேள்வி: பெரம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போவதால் 72 வயது அம்மாதான் ரேஷன் கடைக்குப் போவார். இரண்டு மாதமாகக் கைரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். வெளியில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. இதற்கிடையே வீட்டு உரிமையாளர், போலீஸில் கொடுக்க வேண்டுமென்று எல்லோருடைய ஆதாரையும் வாட்ஸ்அப்பில் கேட்கிறார். ஆதாரைப் பூட்டிவிடு என்கிறார் நண்பர். பூட்டினால் ரேஷன் நின்றுவிடுமா?

பதில்: முதலில் ரேஷனைப் பார்ப்போம். அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பருப்பை மட்டும் மளிகைக் கடையில் வாங்கினாலே நூறைத் தாண்டுகிறது. இதை ஒரு மாதம்கூட விடாதீர்கள். கைரேகை விழவில்லை என்பதற்காகப் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

வயதானவர்களின் ரேகை தேய்வது சகஜம். என் அத்தை முப்பது வருடம் பூக் கட்டியவர். நாரை இழுத்து இழுத்து அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணாடி போல வழவழவென்று ஆகிவிட்டன. இயந்திரத்தில் அந்த இரண்டையுமே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் இடது கை மோதிர விரலை வைக்கச் சொன்னேன், உடனே விழுந்தது. உங்கள் அம்மாவும் விரலை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்ததும் பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கட்டும். எதுவுமே விழவில்லை என்றால் ஆதார் சேவை மையத்தில் கைரேகையைப் புதிதாகப் பதியுங்கள். கட்டணம் 125 ரூபாய்.

அதுவரை? கார்டில் பெயர் உள்ள யார் விரல் வைத்தாலும் போதும், அம்மாதான் போக வேண்டும் என்றில்லை. மாதத்தின் முதல் இரண்டு ஞாயிறுகளில் கடை திறந்திருக்கும் (அந்த வாரங்களில் வெள்ளிதான் விடுமுறை), நீங்களே போய் வாங்கலாம். கண் கருவிழிக் கருவி இருக்கிறதா என்றும் கேளுங்கள். யாராலுமே போக முடியாது என்றால் வேறொருவரை அனுப்ப அங்கீகாரச் சான்று வாங்கலாம். சென்னையின் மண்டல உதவி ஆணையர் அலுவலகங்களில் மாதம் ஒரு சனிக்கிழமை குறைதீர் முகாம் நடக்கும், அங்கே விண்ணப்பியுங்கள்.

அடுத்து பூட்டு. இதில்தான் பலர் குழம்புகிறார்கள். போனில் உள்ள ஆதார் செயலியில் 'பயோமெட்ரிக் பூட்டு' போட்டால் கைரேகை, கருவிழி இரண்டுமே வேலை செய்யாது. ரேஷன் இயந்திரம் 330 என்ற பிழை எண்ணைக் காட்டும். ஆகவே உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. பத்திரங்களில் இருந்த கைரேகையை நகலெடுத்து வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்த வழக்குகள் நாட்டில் நடந்திருக்கின்றன, அதனால் பூட்டு தேவைதான். நான் சொல்லும் வழி இது: கார்டில் ஒருவரைத் திறந்தே வையுங்கள், மற்றவர்களைப் பூட்டுங்கள். தேவைப்படும்போது செயலியிலேயே தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம், சில நிமிடங்களில் அதுவே பூட்டிக்கொள்ளும். அப்புறம், அம்மாவின் ஆதாரை ஏற்கெனவே யாராவது பூட்டிவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டு மாதச் சிக்கலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

உங்கள் ஆதாரை எங்கே, எப்போது சரிபார்த்தார்கள் என்ற ஆறு மாதப் பட்டியலையும் ஆதார் இணையதளத்தில் பார்க்கலாம். இந்தப் பதிவுகளை ஐந்தாண்டு வைத்திருக்க விதி இருந்தது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஆறு மாதமாகக் குறைத்தது. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அரசு அமைப்புகளுக்குப் பெரிய விலக்குகளைத் தருகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. அரிசிக்காக விரல் வைக்கும் ஒருவருக்கு, தன்னைப் பற்றி அரசு என்ன எழுதிவைத்திருக்கிறது என்று கேட்கும் உரிமை முழுசாக இருக்க வேண்டும்.

வீட்டு உரிமையாளர் கேட்பதில் தவறில்லை. வாடகைக்கு இருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் தரச் சொல்லி 2012இலேயே சென்னை போலீஸ் உத்தரவிட்டது. ஆனால் முழு எண்ணையும் தர அவசியமில்லை. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் 'மறைக்கப்பட்ட ஆதார்' ஒன்றை இணையதளத்தில் இறக்கி அச்செடுங்கள். அதன் குறுக்கே 'வாடகை விவரத்துக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போட்டுக் கையில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், அந்தப் படம் எத்தனை போனுக்குப் போகும் என்று அவருக்கே தெரியாது.

ரேஷன் வாங்கியதும் வரும் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். வாங்காத பருப்புக்குச் செய்தி வந்தாலோ, கடையில் மறுபடி திருப்பி அனுப்பினாலோ, தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு 1967 என்ற இலவச எண்ணில் புகார் செய்யுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள்.