இணையம் இல்லாத காலத்தில் பண்பாட்டு விஷயங்களை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? இப்போது அது எளிதாகிவிட்டதா?

மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன் நான். பண்பாடு என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் பிள்ளைகளுக்கும் வேலை வந்துவிடும், கரகம் சோடிக்கும் இடத்தில் பூ எடுத்துக் கொடுப்பது, உறுமி மேளக்காரர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவது என்று கூடவே நின்றதில் முனியாண்டிக்கு எப்போது படையல், எந்த வீட்டு வாசலில் சாமி நிற்கும் என்பதெல்லாம் தானாக மனதில் ஏறிவிட்டது. மற்றதற்கு வானொலி, அப்புறம் தமிழ் நேசன். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன பத்திரிகை அது. கடையில் ஒருவர் சத்தமாகப் படிப்பார், எழுத்துத் தெரியாதவர்களும் கேட்டுவிட்டு வாதம் பண்ணுவார்கள்.

ஆனால் ஏன் என்று கேட்டால் பதில் கிடைக்காது. "பெரியவங்க செஞ்சாங்க, நாமளும் செய்றோம்", அவ்வளவுதான். சம்பந்தர் பாடிய கோளறு பதிகத்தை மூச்சுவிடாமல் சொல்பவர்களுக்கே பொருள் தெரியாது. இன்று மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் சம்பந்தர் தேவாரம் இலவசமாக இருக்கிறது, 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். இதை நான் பெரிய கொடையாகவே நினைக்கிறேன்.

இணையம் வந்துதான் எல்லாம் போச்சு என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரிய தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடலில் ஜனங்கள் தவித்ததைப் பார்த்துத்தான் 1960இல் எங்கள் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தையே ஆரம்பித்தார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல தோட்டங்கள் வீடமைப்புக்குப் போயின, ஒரே லயத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு தாமானுக்கு, அதாவது வீடமைப்புக் குடியிருப்புக்கு, சிதறினார்கள். சொல்லித்தர ஆள் இருந்தார், கூட நிற்கத்தான் பிள்ளைகள் இல்லை. கைப்பேசி அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து வந்தது.

உறுமியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து உறும வைக்க வேண்டும், மறு முகத்தில் அடி விழ வேண்டும். தாமான் பையன்கள் யூடியூப் பார்த்தே இதைப் பிடித்துவிட்டார்கள், அடி சுத்தமாக இருக்கிறது, கேட்கவே பெருமையாக இருக்கிறது. சாமி இறங்கும்போது அடியை எங்கே ஏற்றுவது, எங்கே தணிப்பது என்பதுதான் பிரச்சினை. பழைய ஆட்கள் சாமியாடியின் காலைப் பார்த்து அடிப்பார்கள், காணொளியிலோ முகத்தைத்தான் காட்டுகிறார்கள். அதுவும் கிடைப்பதில் பாதி தமிழ்நாட்டு முறை, எங்கள் தோட்டத்து வழக்கத்தை யாரும் ஏற்றவே இல்லையே, எங்கிருந்து கிடைக்கும்?

அதனால் உங்கள் வீட்டில் தோட்டத்தில் வாழ்ந்த பாட்டி, பெரியம்மா யாராவது இருந்தால் இந்த விடுமுறையிலேயே கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், யாரிடம் கேட்ட பாட்டு என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். எடுத்த எடுப்பில் ஒப்பாரி கேட்காதீர்கள், சாவு விழாத வீட்டில் அதைப் பாட மாட்டார்கள். தாலாட்டில் ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.