மஞ்சள் சிவந்தால் மண் களரா? – வாசகர் கேள்விகள்

ஆரத்திக்குக் கரைத்த மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறது. வேட்டியில் பட்ட சாம்பார்க் கறையும் சோப்பு போட்டதும் சிவக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?
– வாசகி, கும்பகோணம்

ஒன்றேதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறமி அமிலத்திலும் நல்ல தண்ணீரிலும் மஞ்சளாகவே இருக்கும், காரம் சேர்ந்தால் சிவக்கும். சுண்ணாம்பும் காரம், துணி சோப்பும் காரம். ஆரத்தித் தட்டில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும். வேட்டிக் கறையும் நன்றாக அலசினால் பழைய நிறத்துக்குத் திரும்பும். ஈரத்தோடு வெயிலில் போடுங்கள், மங்கிவிடும். குர்குமினுக்கு வெயில் ஆகாது.

அமிலமா, காரமா என்பதை பி.ஹெச். என்ற எண்ணால் சொல்கிறோம். 1909-ல் டென்மார்க்கின் சோரன்சன் வகுத்த அளவு இது. 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். மஞ்சள் 7.4-ல் மாறத் தொடங்கி, 8.6-ஐ ஒட்டி நன்றாகச் சிவந்துவிடும். அடுத்த கேள்விக்கு இந்த எண் உதவும்.

மண்வள அட்டையில் பி.ஹெச். 9.1, களர் நிலம் என்று வந்திருக்கிறது. மேட்டூர் தண்ணீர் வருவதற்குள் ஏக்கருக்கு இரண்டு மூட்டை சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– விவசாயி, ஒரத்தநாடு வட்டம்

போடவே போடாதீர்கள். சுண்ணாம்பு நீலகிரி போன்ற இடங்களின் புளிப்பு மண்ணுக்கான மருந்து. உங்கள் மண்ணில் ஏற்கெனவே மிஞ்சிக் கிடப்பதே காரம். 9.1 என்றால் 7.1-ஐவிட இரண்டுதானே கூடுதல் என்று தோன்றும். ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு, ஆக நூறு மடங்கு காரம்.

அதற்காக ஆசிட் தேடவும் வேண்டாம். கோளாறு சோடியத்தில் இருக்கிறது. களிமண் துகளில் ஒட்டிய சோடியம் துகள்களைச் சேரவிடாது. அதனால்தான் களர் வயலில் தண்ணீர் நாள்கணக்கில் கலங்கியே நிற்கும், கீழே இறங்காது. காய்ந்தால் பாளம் பாளமாக இறுகும். இதற்கு ஜிப்சம்தான் தீர்வு. அது அமிலம் இல்லை, கால்சியம் சல்பேட் என்ற ஏறக்குறைய நடுநிலையான உப்பு. அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். வெளியே வந்த சோடியம் சல்பேட்டாகக் கரைந்து தண்ணீரோடு போய்விடும். மண்நீரில் இருக்கும் கார்பனேட்டும் கால்சியத்தோடு சேர்ந்து கரையாமல் படிந்துவிடுவதால் பி.ஹெச். இறங்கும்.

பக்கத்து வயல்காரர் போட்ட அளவு உங்களுக்குப் பொருந்தாது. ஆய்வுக்கூடத்தில் ‘ஜிப்சம் தேவை’ எவ்வளவு என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள், அதில் பாதி போட்டால் நெல்லுக்குப் போதும். வயலைச் சமன்செய்து, பாத்தி பாத்தியாக வரப்பு கட்டி, ஜிப்சத்தைத் தூவி மேல் 10 செ.மீ. மண்ணில் கலக்குங்கள். பிறகு வாய்க்கால் தண்ணீரை நான்கைந்து நாள் தேக்கி வடிகாலில் வெட்டிவிடுங்கள். மறுபடியும் தேக்கி, மறுபடியும் வடியுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். தண்ணீரை வயலிலேயே வற்றவிட்டால் கிளம்பிய சோடியம் அங்கேயே தங்கிவிடும், ஜிப்சத்துக்குக் கொடுத்த காசு வீண். வடிகால் தூர்ந்து கிடந்தால் முதல் வேலை அதை வெட்டுவதுதான்.

அடுத்து ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து, 45 நாளில் மடக்கி உழுங்கள். களரைத் தாங்கி வளரும் பயிர் அது. மட்கும்போது வரும் கரியமில வாயுவும் காரத்தைக் குறைக்கும். இத்தனைக்கும் நாள் வேண்டும். குறுவைக்கு அவசரப்படாமல் சம்பாவுக்கு வயலைத் தயார் செய்வதே நல்லது.

களரில் துத்தநாகம் இருந்தாலும் பயிருக்கு எட்டாது. நட்ட இரண்டு மூன்று வாரத்தில் இலையில் துருப்பிடித்தாற்போலப் புள்ளி விழுவது அதனால்தான். ஏக்கருக்கு 15 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து, நடவுக்குச் சற்று முன் மேலாகத் தூவுங்கள். பாஸ்பேட் உரமான டி.ஏ.பி.யோடு கலக்காதீர்கள், இரண்டும் சேர்ந்து கரையாத பொருளாகிவிடும்.

அட்டை இல்லாதவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு பங்கு மண்ணை இரண்டு பங்கு மழைத் தண்ணீரில் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். மஞ்சள் தடவிக் காயவைத்த வெள்ளைத்தாளை மேல்தண்ணீரில் நனைத்துச் சிவந்தால் களர் என்று சந்தேகப்படலாம், களரின் எல்லையும் 8.5-தான். தண்ணீர் தெளியாமல் சேறாகவே நின்றால் அதுவும் ஓர் அடையாளம். இதை வைத்து ஜிப்சம் வாங்கிவிடாதீர்கள், மண்ணை ஆய்வுக்குக் கொண்டுபோவதற்கு மட்டும் இது போதும். வேதாரண்யம் பக்கம்போல மேலே வெள்ளையாக உப்புப் பூத்து, பி.ஹெச். 8.5-க்குள் இருந்தால் அது உவர். அதற்கு ஜிப்சம் வேண்டாம். நல்ல தண்ணீர் தேக்கி வடித்தாலே போதும்.

போர் தண்ணீரால் குழாயிலும் மொசைக் தரையிலும் வெள்ளைப் படலம். ஆசிட் ஊற்றினால் நுரைக்கிறது. ப்ளீச்சிங் பவுடரும் சேர்க்கலாமா?
– வாசகி, மன்னார்குடி

கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த குளியலறையில் உயிரையே எடுத்துவிடும். ஒன்றைப் போட்ட இடத்தை நன்றாக அலசாமல் மற்றதைத் தொடாதீர்கள்.

அந்தப் படலம் கால்சியம் கார்பனேட். மொசைக்கில் பதித்த மார்பிள் சில்லும் அதேதான். அதனால் படலத்தோடு தரையும் கரைந்து சொரசொரத்துப் போகும். தரைக்கு ஆசிட்டே வேண்டாம். குழாய்க்கு, எலுமிச்சை உப்பு என்று கடையில் விற்கும் சிட்ரிக் அமிலம் இரண்டு ஸ்பூனை ஒரு டம்ளர் வெந்நீரில் கரைத்து, துணியில் நனைத்து, அரை மணி நேரம் சுற்றிவைத்துத் தேயுங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பு குழந்தையின் கண்ணில் பட்டுவிட்டால், காரத்தை முறிக்க எலுமிச்சைச் சாறு விடலாமா?
– வாசகர், திருவையாறு

ஒரு சொட்டுகூட விடாதீர்கள். அமிலமும் காரமும் சேரும்போது சூடு உண்டாகும். எலுமிச்சையே புண்ணான கண்ணை மேலும் எரிக்கும். ஈரச் சுண்ணாம்பின் பி.ஹெச். 12-க்கு மேல். அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குள் ஆழமாக இறங்கும், வலி குறைந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். கசக்க விடாதீர்கள். உடனே இமையைத் திறந்து பிடித்து, சுத்தமான தண்ணீரை அரை மணி நேரம் விடாமல் ஊற்றுங்கள். மேல் இமையின் உட்புறம் ஒட்டிய துணுக்கை நனைத்த சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ஆட்டோவில் போகும்போதும் கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும், வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே போங்கள்.