இருபத்தைந்து நிமிட வெளிச்சம்: வாசகர் கேள்வி – பதில்

கடற்கரை, வயல், உப்பளம், மலை ஆகியவற்றைப் படமெடுப்பது பற்றி டெல்டா வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில, பதில்களுடன்.

கோடியக்கரைக்கு இரண்டு தடவை போய்விட்டேன். சூரியன் தலைகாட்டிய பிறகு செட்டிங் வைத்து முடிப்பதற்குள் நிறமெல்லாம் போய்விடுகிறது. ‘கோல்டன் அவர்’ (பொன்னிற வெளிச்ச நேரம்) ஒரு மணி நேரம் என்கிறார்களே, நமக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை?
– வாசகர், மன்னார்குடி

நமக்கு அது ஒரு மணி நேரம் கிடையாது. அந்தக் கணக்கு ஐரோப்பா மாதிரியான இடங்களுக்குத்தான் பொருந்தும். அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டிச் சாய்வாக ஏறும். கோடியக்கரை இருப்பது பத்து டிகிரி சொச்சம் அட்சரேகையில். இங்கே சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாகக் கிளம்பும். அடிவானத்திலிருந்து ஆறு டிகிரி உயரத்தைத் தாண்ட அதற்கு 25 நிமிடம் போதும். பொன்னிறம் அதோடு சரி.

அதனால் வேலையெல்லாம் இருட்டிலேயே முடிந்திருக்க வேண்டும். ஜனவரி நடுவில் இந்தப் பக்கம் உதயம் சுமார் 6.30 மணி, மே கடைசியில் சுமார் 5.45. முக்கால் மணி நேரம் முன்னதாகவே கரையில் நில்லுங்கள். டார்ச் வெளிச்சத்தில் ட்ரைபாடை ஊன்றி, முன்னால் கிடக்கும் படகையோ கட்டையையோ வைத்துச் சட்டகத்தை முடிவு செய்துவிடுங்கள். ஏபிஎஸ்-சி கேமராவில் (சென்சார் சற்றுச் சிறிய வகை) 18 மி.மீ. லென்ஸ், துவார அளவு எஃப்/8 என்றால் இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வைத்து, ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடலாம். ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக வரும்.

அடுத்தது எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு. பலர் தவறுவது இங்கேதான். உதயத்துக்கு முந்தைய இருபது நிமிடத்தில் வெளிச்சம் ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, ஏறும். ஷட்டரை 8 விநாடியில் ஆரம்பித்தால் சூரியன் எட்டிப் பார்க்கும்போது 1/15-க்கு வந்திருப்பீர்கள். ஏழு ஸ்டாப்! முதல் படத்தின் செட்டிங்கையே நம்பி நின்றால் ஐந்தாவது படம் வெளுத்துப்போகும். மேனுவலில் வைத்து, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஷட்டர் நேரத்தைப் பாதியாகக் குறைத்து வாருங்கள்.

ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) மூன்று நிறமாகப் பிரித்துக் காட்டும்படி வையுங்கள். விடியலில் முதலில் அளவு மீறிப் போவது சிவப்புதான். பொதுவான வரைபடம் ‘எல்லாம் சரி’ என்று காட்டும். வீட்டுக்கு வந்து பார்த்தால் சூரியனைச் சுற்றி மஞ்சள் திட்டு அப்பியிருக்கும். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன்) ஆட்டோவில் விடாமல் டேலைட்டில் நிறுத்துங்கள். ஆட்டோ அந்தச் செம்மையைக் குறையென்று நினைத்துத் திருத்திவிடும்.

எங்கே நிற்பது என்றும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மார்கழியில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும். ஆனியில் அதே அளவு வடக்கே. கையை முழுதாக நீட்டி விரித்தால் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே ஏறக்குறைய இருபது டிகிரி. முதல் நாள் மாலையே அளந்து வைத்துவிடலாம். வடக்கிலிருந்து வரும் கரை கோடியக்கரையில் மேற்கே திரும்பி பாக் நீரிணையை ஒட்டிப் போகிறது. தெற்கு பார்த்த அந்தக் கரையில் நின்றால் மார்கழி, தையில் சூரியன் சாய்வதையும் தண்ணீர்ப் பக்கமாகவே எடுக்கலாம். கிழக்குக் கரையில் இது அபூர்வம். சரணாலயத்துக்குள் போக வனத்துறை சொல்லும் நேரம்தான்; ட்ரோன் ஆசை இருந்தால் முன் அனுமதி இல்லாமல் பெட்டியையே திறக்காதீர்கள். ஈரம் மினுக்கும் சேற்றுச் சமவெளியில் பூநாரைக் கூட்டத்தைப் பார்த்ததும் இறங்கி நடக்காதீர்கள். முழங்கால் வரை இழுக்கும், பறவைகளும் பறந்துவிடும்.

தரங்கம்பாடியில் மாலையில் என்ன எடுப்பது? சூரியன் ஊருக்குப் பின்னால் அல்லவா இறங்குகிறது!
– வாசகி, சீர்காழி

சூரியனை விட்டுவிட்டுக் கடலைப் பாருங்கள். சூரியன் மறைந்து பத்து நிமிடத்தில் கிழக்கே அடிவானத்தை ஒட்டி நீலச்சாம்பல் பட்டை ஒன்று எழும்பும். அது பூமியின் நிழல். அதன் மேலே இளஞ்சிவப்பு. மாசிலாமணிநாதர் கோயில் பக்கமிருந்து எடுத்தால், மேற்கின் மிச்ச வெளிச்சம் கல்லின் மேல் படிந்திருக்க, பின்னால் இந்த இரண்டு நிறமும் நிற்கும். ஃபிளாஷ் கூடவே கூடாது.

நிலா வேண்டுமென்றால் பௌர்ணமிக்கு முந்தின நாள் போங்கள். பௌர்ணமியன்று நிலா எழும்போது கிட்டத்தட்ட இருட்டத் தொடங்கிவிடும். நிலாவுக்கு எக்ஸ்போஷர் வைத்தால் கரை கறுப்பாகும், கரைக்கு வைத்தால் நிலா வெள்ளை வட்டமாகும். முந்தின நாள் முக்கால் மணி நேரம் போல முன்னதாகவே எழுந்துவிடுவதால், அஸ்தமனத்தை ஒட்டிய இருபது நிமிடத்தில் இரண்டும் ஒரே படத்தில் அடங்கும். மார்கழி நிலா சூரியனுக்கு எதிராக வடகிழக்கில் எழும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

“நிலா புள்ளியாக வருகிறது” என்று புலம்புவோருக்கு: லென்ஸின் மில்லிமீட்டரை 110-ஆல் வகுத்தால் சென்சாரில் நிலாவின் அளவு கிடைக்கும். ஏபிஎஸ்-சி கேமராவில் 18 மி.மீ. வைத்தால் படத்தின் உயரத்தில் நூறில் ஒரு பங்கு. 200 மி.மீ. என்றால் ஒன்பதில் ஒரு பங்கு. 200-இல் ஷட்டர் கால் விநாடியைத் தாண்ட வேண்டாம், நிலா நகர்ந்துவிடும்.

வேதாரண்யம் உப்பளத்தில் உப்பெல்லாம் சாம்பல் நிறமாக வருகிறதே?
– வாசகர், தகட்டூர்

கேமராவின் ஒளி மீட்டருக்கு எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். சட்டகம் முழுக்க உப்பு என்றால் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்) +1 முதல் +1.3 வரை ஏற்றுங்கள். மார்கழிப் பனி மூடிய சம்பா வயலுக்கும் இதே வைத்தியம், அங்கே +0.7 போதும். குவியலின் உருவம் தெரிய, காலை ஏழரைக்குள் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். பாத்தி வரப்பில் கால் வைக்கும் முன் வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். ஒரு வரப்பு உடைந்தால் அவர்களின் பல நாள் உழைப்பு தண்ணீரோடு போகும்.

ட்ரைபாட், பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) எல்லாம் வாங்கிவிட்டேன். அலைகளை வைத்து எடுத்தால் படகு கலங்கலாக வருகிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா?
– வாசகர், நாகப்பட்டினம்

லென்ஸ் பாவம், விடுங்கள். அலை திரும்பும்போது ட்ரைபாட் காலுக்கடியில் மணலை அரித்துக்கொண்டு போகிறது. பதினைந்து விநாடியில் ஒரு கால் அரை அங்குலம் இறங்கினாலே போதும். கால்களை அகல விரித்து, மணலுக்குள் அழுத்தி, இரண்டு மூன்று அலை வந்து போக விடுங்கள். இறங்க வேண்டியது இறங்கிய பிறகு சட்டகத்தைச் சரிசெய்து ஷட்டரை அமுக்குங்கள். ஆற்று முகத்துவாரச் சேற்றில் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்தால் இறங்காது. நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், வாடைக் காற்றில் ஆடும். லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) இருந்தால் அணையுங்கள்.

ஃபில்டர் கணக்கு: வெறும் லென்ஸில் 1/60 என்றால் பத்து ஸ்டாப்புடன் சுமார் 16 விநாடி, ஆறு ஸ்டாப்புடன் ஒரு விநாடி. பதினாறு விநாடியில் கடல் பாயசம் மாதிரி ஆகிவிடும். எங்கள் ஓட்டு அரை விநாடிக்கும் ஒரு விநாடிக்கும் நடுவில். மணலில் திரும்பி ஓடும் நுரை கோடு கோடாக நிற்கும், அது அலை என்றும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் ட்ரைபாட் கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசுங்கள். லென்ஸில் படிந்த உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறும். முதலில் லென்ஸ் திரவத்தில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள்.

நடவு முடிந்த வயலில் வானம் கண்ணாடி போலத் தெரிகிறது. போலரைசர் போட்டால் காணாமல் போகிறது.
– வாசகி, திருவாரூர்

பளபளப்பை அடக்கும் ஃபில்டர்தான் போலரைசர், அதன் வேலையே அதுதான். தண்ணீர் மட்டத்திலிருந்து 37 டிகிரி வாக்கில் பார்க்கும்போது பிரதிபலிப்பை முழுசாகவே துடைத்துவிடும். கழற்றிவிடுங்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போகும்போது மாட்டிக்கொள்ளுங்கள். அந்த இலைகளின் பளபளப்பு அடங்கிப் பச்சை தெரியும். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும். ஆடும் படகில் ஷட்டர் 1/500-க்குக் கீழே போகாமல் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஏற்றுங்கள்.

சமவெளி ஆள் நான். கொல்லிமலையில் எடுத்த படமெல்லாம் நீலப் புகையாக இருக்கிறது.
– வாசகர், கும்பகோணம்

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் உச்சி வெயிலில் எடுத்திருப்பீர்கள். தூரத்து மலைக்கும் உங்களுக்கும் நடுவே உள்ள காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால் வருவது அது. குறைக்க வேண்டுமானால் மழை ஓய்ந்த மறுநாள் காலை போங்கள். அதையே பயன்படுத்தவும் செய்யலாம்: 100 முதல் 200 மி.மீ. லென்ஸில் சூரியன் இருக்கும் பக்கமாகப் பார்த்தால், ஒவ்வொரு முகடும் முன்னதைவிட வெளிறி அடுக்கடுக்காக நிற்கும். 18 மி.மீ.-இல் அத்தனை மலையும் எறும்புப் புற்றுதான். இன்னொன்று, மலையில் உச்சிக்கு வெயில் வந்த பிறகும் பள்ளத்தாக்கு வெகுநேரம் நிழலில் கிடக்கும். ஒரே எக்ஸ்போஷரில் அடங்காது. இரண்டு ஸ்டாப் கூட்டியும் குறைத்தும் மூன்று படம் எடுத்து ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். கடலுக்குப் பயன்படும் நேர்கோட்டு கிராஜுவேட்டட் ஃபில்டரை (மேல்பாதி மட்டும் கறுத்தது) இங்கே போட்டால் முகட்டின் தலை கறுத்துவிடும்.

மொபைல் போதுமா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

போதும். லென்ஸைத் துடைத்து, 1x-இல் வைத்து, திரையில் வானத்தின் வெளிச்சமான இடத்தை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, மூன்று விநாடி டைமரில் எடுங்கள்.

லென்ஸுக்குள் பூஞ்சை படர்கிறது. அரிசி டப்பாவுக்குள் வைக்கலாம் என்கிறார்களே?
– வாசகர், பாபநாசம்

நெல் விளையும் ஊரில் இந்த யோசனை வராமல் இருக்குமா! வேண்டாம், அரிசி மாவுத்தூள் வளையங்களுக்குள் புகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒன்று. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். ஜெல் நிறம் மாறினால் காயவைத்துப் போடுங்கள். ஏசி அறையில் தங்கினால், வெளியே கிளம்ப அரை மணிக்கு முன் கேமராவை ஜிப் பையில் மூடி ஏசி இல்லாத இடத்தில் வையுங்கள். வெளிக்காற்றின் ஈரம் பையின் மேல் படியும், லென்ஸின் மேல் படியாது. ஏற்கெனவே படர்ந்துவிட்ட லென்ஸை மட்டும் மற்றவற்றோடு சேர்க்காமல் தனி டப்பாவில் வையுங்கள்.