எதிர்காலத்தின் சிறந்த மின்நூல் வாசிப்புக் கருவி எப்படி இருக்க வேண்டும்?

திரை, காகிதம் போலத் தெரியும் மின்-மை (E Ink) திரையாகவே இருக்கட்டும். மின்னூட்டம் பெற்ற கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இடம் மாறுவதால்தான் அதில் எழுத்து தெரிகிறது. பக்கம் மாறும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் வேண்டும், அதனால் பேட்டரி வாரக்கணக்கில் நிற்கும். இதன் குறை, வேகத்திலும் வண்ணத்திலும்தான். கெலிடோ 3 (Kaleido 3) என்ற வண்ண மின்-மைத் திரையில் கறுப்பு வெள்ளை அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணமோ 150தான். இவை சரியானால் போதும். மடக்கும் திரையெல்லாம் எனக்கு அவ்வளவு முக்கியமில்லை.

உண்மையில் பெரிய மாற்றம் தேவைப்படுவது வன்பொருளில் அல்ல, உரிமையில். 2009இல் அமேசான் தான் விற்ற நூல்களையே வாசகர்களின் கிண்டில் வாசிப்புக் கருவியிலிருந்து அழித்தது. அப்புறம் மன்னிப்புக் கேட்டது. என் கனவுக் கருவியில் அது முடியவே கூடாது. எங்கே வாங்கிய நூலும் அதில் திறக்க வேண்டும், நகலெடுப்பதையும் வேறு கருவியில் திறப்பதையும் தடுக்கும் டிஆர்எம் (DRM) பூட்டு கிடையாது. நான் எழுதும் ஓரக்குறிப்புகளையும் சாதாரணக் கோப்பாக வெளியே எடுக்க முடிய வேண்டும்.