தேசி மரத்துக்கு வேம்பு: எப்போது அடிப்பது, எப்படி அடிப்பது?

கேள்வி: எங்கள் வளவில் நிற்கிற தேசி மரங்களில் மழை விட்டதும் வருகிற கொழுந்தெல்லாம் சுருண்டு போகிறது, இலையில் வெள்ளிக் கோடு கோடாக இருக்கிறது. வேப்பெண்ணெய் அடித்தும் பலன் இல்லை. இந்த இயற்கை மருந்துகள் உண்மையில் வேலை செய்யுமா ஐயா?
வாசகி, சாம்பல்தீவு

பதில்: வேலை செய்யும் அம்மா. நீங்கள் அடித்த நேரம் பிந்திவிட்டது, அவ்வளவுதான். ஒரு இலையைப் பிடுங்கி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெள்ளிக் கோட்டின் நடுவே மெல்லிய கறுப்புக் கீறல் ஓடும், அது புழுவின் எச்சம். கோடு முடிகிற இடத்தில் மஞ்சள் கலந்த சின்னப் புழு படுத்திருக்கும். இலைத் தோலுக்கு அடியில் சுரங்கம் தோண்டிக்கொண்டு போகிற புழு அது, மேலே எதை அடித்தாலும் அதற்குள் போய்ச் சேருவது கஷ்டம். அதனால் கோடு விழுவதற்கு முன்பே, கொழுந்து விரல் நகம் அளவு விரியும்போதே வேம்பைத் தொடங்க வேண்டும். அந்தப் பூச்சி முட்டை வைப்பது இளங்கொழுந்தில்தான், முற்றிய இலைக்கு அது வராது.

இன்னொன்றும் விளங்கிக்கொள்ளுங்கள். வேம்பு அடித்த கையோடு பூச்சியைக் கொல்கிற மருந்து இல்லை. அதிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சியைத் தின்ன விடாது, தோல் உரிக்க விடாது, அதனால் பலன் தெரிய ஒரு சில நாள் ஆகும். அடித்த மறுநாள் பூச்சி உயிரோடு நிற்கிறதே என்று கைவிட்டவர்களை நம் மாவட்டத்தில் நிறையப் பார்க்கிறேன், மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எண்ணெயைவிடக் கொட்டைக் கரைசலையே நான் சொல்வேன், வேப்பமரம் இல்லாத ஊரா நம்முடையது! பழம் விழுகிற காலத்தில் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் காயவைத்து எடுத்து வையுங்கள், பூஞ்சணம் பிடித்த கொட்டை வேண்டாம். 10 லீற்றர் தண்ணீருக்கு, வேப்பங்கொட்டையை உடைத்து எடுத்த பருப்பு அரைக் கிலோவை இடித்து, கொஞ்சத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் துணியால் இரண்டு தரம் வடித்து, மீதித் தண்ணீரையும் கலந்து, துணி தோய்க்கிற சவர்க்காரம் சிறிது கரைத்துச் சேருங்கள், இல்லாவிட்டால் இலையில் ஒட்டாது. கடற்கரைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் நுரைக்காது என்றால் பிடித்து வைத்த மழைத் தண்ணீரை எடுங்கள். வெயில் அந்தச் சத்தைச் சீக்கிரம் அழித்துவிடும், ஆகவே பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடியுங்கள். அன்று வடித்ததை அன்றே முடித்துவிடுங்கள், போத்தலில் சேர்த்து வைப்பதில் பலன் இல்லை. கொழுந்து முற்றும்வரை வாரத்துக்கு ஒரு தரம், நடுவில் மழை பெய்தால் திரும்பவும்.

பெரிய மரம் என்றால் இந்தக் கோடுகளுக்காக அவ்வளவு கவலைப்பட வேண்டாம், அது தாங்கும். சுருண்ட இலையை வெட்டித் தள்ளவும் வேண்டாம், வெட்ட வெட்டப் புதுக் கொழுந்து வரும், புழுவுக்குத்தான் விருந்து. யூரியாவை அள்ளிப் போட்டாலும் இதே கதைதான். கன்றுகளைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

கேள்வி: தோடங் கன்றின் இலைகளைப் புழு மொட்டையடித்துவிட்டது. புகையிலையை அவித்து அடிக்கச் சொல்கிறார்கள், செய்யலாமா?
வாசகர், தம்பலகாமம்

பதில்: வேண்டாம். செடியிலிருந்து வருவதெல்லாம் சாது என்று நினைக்கக் கூடாது. புகையிலையின் நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், வாந்தியும் தலைச்சுற்றும் வரும், தேனீயும் சாகும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பானையை நினைத்தாலே எனக்குப் பயம்.

உங்களுடையது அநேகமாக எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதில் காக்கை எச்சம் போலக் கிடக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னால் செம்மஞ்சள் கொம்பு இரண்டை நீட்டி நாற்றம் விடும். கடிக்காது. நாலைந்து கன்றுக்கு மருந்தே தேவையில்லை, காலையில் கையால் பொறுக்குங்கள். பக்கத்தில் கறிவேப்பிலையோ வில்வமோ நின்றால் அங்கேயும் பாருங்கள், அதே குடும்பத்து மரங்கள், அவற்றிலும் முட்டை வைக்கும்.

கேள்வி: இலை ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் பச்சை என்று திட்டுத் திட்டாக இருக்கிறது, காயும் சின்னது, கோணல். வேம்பு அடித்தால் மாறுமா?
வாசகர், மூதூர்

பதில்: மாறாது. பசுமையாதல் என்கிற பற்றீரியா நோயாக இருக்கலாம், அது வந்த மரத்தைக் குணப்படுத்த மருந்தே இல்லை. அதைப் பரப்புவது கொழுந்தில் வாலைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு தத்துப்பூச்சி. வேம்பு அந்தப் பூச்சியின் குஞ்சுகளைக் குறைக்கும், ஆகவே நல்ல மரங்களுக்கு அடியுங்கள். அந்தப் பூச்சிக்குக் கறிவேப்பிலையும் பிடிக்கும், அங்கேயும் ஒரு கை அடியுங்கள். நோய் என்று மரத்தை வெட்டுவதற்கு முன், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு கொப்பைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். சத்துக் குறைவாலும் இலை மஞ்சளாகும், ஆனால் அப்போது இலையின் இரண்டு பாதியும் ஒரே மாதிரி இருக்கும்.