முள் சிவப்புக்குப் போனால்: சின்ன டிராக்டர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சூடு பற்றியவைதான். நடவுக்கு வயலைச் சேறாக்கும் சேறடிப்பு தொடங்கிவிட்டது என்று அதிலிருந்தே தெரிகிறது. அதனால் கிளட்ச், ஹைட்ராலிக் கேட்டவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் டிராக்டர் ரொம்ப ஹீட் ஆகிறது. என்ன செய்யலாம்? (ஊர் எழுதவில்லை)

என்ன வண்டி, எத்தனை வருஷம், எந்த வேலையில் சூடாகிறது, ஒன்றுமே எழுதவில்லை. கைரேகை பார்க்கிறவரிடம்கூட கையை நீட்டியாக வேண்டும். சரி, ஒன்றே ஒன்றைப் பார்த்து எழுதுங்கள்: தண்ணீர் குறைந்து சூடாகிறதா, குறையாமலே சூடாகிறதா? குறைந்தால் ஒழுகல், ரேடியேட்டர் மூடி, ஹெட் கேஸ்கட் (இன்ஜின் தலைக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடு). குறையாமல் சூடானால் அடைப்பு, பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு), இல்லையென்றால் வண்டிக்கு மீறிய வேலை. இந்தப் பிரிவினை தெரியாமல் சாமான் மாற்ற ஆரம்பித்தால் காசுதான் போகும். காலையில் இன்ஜின் ஆறி இருக்கும்போது மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். ஆறி இருக்கும்போது. இதைக் கீழே மறுபடியும் சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

கரும்பில் இடை உழவு ஓட்டுகிறேன். வாட்டர் சர்வீஸ் செய்த மறுநாளே மறுபடி சூடு. ரேடியேட்டரை மாற்றிவிடவா? (நெல்லிக்குப்பம்)

மாற்றாதீர்கள். எந்தப் பக்கமிருந்து தண்ணீர் அடித்தார்கள்? நிச்சயம் முன்பக்கமிருந்து அடித்திருப்பார்கள். ஃபேன் முன்னாலிருந்து காற்றை இழுக்கிறது, கரும்புச் சோகைத் தூளும் (காய்ந்த இலைத் தூள்) அதோடு வந்து முன்பக்கம் ஒட்டுகிறது. முன்னாலிருந்தே தண்ணீரை வேகமாக அடித்தால் அது இன்னும் உள்ளே போய் இறுகும், தகடும் மடங்கும். ஃபேன் பக்கமிருந்து முன்னோக்கி, வேகத்தைக் குறைத்து வைத்து அடிக்க வேண்டும். எங்காவது ஆயில் கசிந்திருந்தால் தூளும் ஆயிலும் சேர்ந்து களிம்பாகிவிடும். அதற்குத் துணி சோப்புத் தூளைக் கரைத்துத் தெளித்து, அரைமணி ஊறவிட்டு அப்புறம் அடியுங்கள்.

சுத்தமானதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ராத்திரியில் ஃபேன் பக்கம் ஒருவரை டார்ச் பிடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் முன்னால் வந்து பாருங்கள். மேலிருந்து கீழ்வரை வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிய வேண்டும். உங்கள் வண்டியில் கீழ்ப் பாதி இருட்டாக இருக்கும் என்பது என் கணிப்பு.

பழைய ஐச்சர் 242 வாங்கியிருக்கிறேன். ரேடியேட்டரில் எந்தக் கூலன்ட் ஊற்றலாம்? (திருக்கனூர்)

வண்டியின் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினீர்களா? அது ஏர் கூல்டு இன்ஜின். ரேடியேட்டரே கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கு இடையில் வைக்கோல் அடைக்காமலும், காற்றைத் திருப்பிவிடும் தகரக் கூடு கழன்றுபோகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கூடு அழகுக்கு வைத்ததல்ல.

18 ஹெச்பி வண்டி, பதினைந்து வருஷமாகிறது. சூடானதால் மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்றார். இப்போது உழவில் முன்னைவிடச் சூடாகிறது. (பாகூர்)

இந்தக் கேள்வி மாதம் ஒன்றாவது வருகிறது. வருகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. ரேடியேட்டரில் வருவதைவிட அதுதான் அதிகம்.

முதலில் அந்த "நம்ம ஊர் வெயில்". வெளியே வெயில் 40 டிகிரி. இன்ஜினுக்கு வேண்டியது ஏறக்குறைய 80 டிகிரியில் ஓடும் தண்ணீர். கடலூரிலும் அதே 80தான், காஷ்மீரிலும் அதே 80தான். வால்வு இல்லாவிட்டால் டிரெய்லர் இழுக்கிற மாதிரி லேசான வேலையில் தண்ணீர் 60ஐத் தாண்டாது. டீசல் முழுசாக எரியாது. எரியாதது சிலிண்டர் சுவரோடு வழிந்து ஆயிலில் கலக்கும். பிஸ்டன் ரிங் தேயும், சிலிண்டர் உள்சுவரும் தேயும். இரண்டு வருஷம் கழித்து "வண்டி ஆயில் குடிக்கிறது" என்று எனக்கே இன்னொரு கடிதம் போடுவீர்கள்.

இனி உங்கள் கேள்வி. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறக்கும், அதே நேரத்தில் தண்ணீர் பம்புக்கே திரும்புகிற குறுக்கு வழியை அடைக்கும். அதைக் கழற்றி எறிந்தால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். வெந்நீரில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிக்கூடப் பார்க்காமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். உழவு மாதிரிப் பாரமான வேலையில் அதனால்தான் முன்னைவிடச் சூடாகிறது.

போன சேறடிப்பின்போது என் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தது. அதற்கு முன் மூன்று பட்டறை பார்த்திருந்தது. ரேடியேட்டர் புதுசு, வாட்டர் பம்ப் புதுசு, ஃபேன்கூட புதுசு. மேல் ஹோஸைக் கழற்றி விரலை விட்டேன், தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி. புது வால்வும் காகித கேஸ்கட்டும் போட்டதும் அன்று சாயங்காலமே வயலில் இறங்கிவிட்டது. கழற்றிப்போட்ட பழைய ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்தேன், ஒரு குமிழி வரவில்லை.

கழற்றிய வால்வு கையில் இருந்தால் சோதித்துவிடலாம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி, அடியில் படாமல் தொங்கவிட்டுக் கொதிக்கவிடுங்கள். 80க்குப் பக்கத்தில் மெல்ல விலகத் தொடங்கி, 95க்குள் சுண்டுவிரல் நகம் அளவு திறக்க வேண்டும். ஆறினால் இறுக மூட வேண்டும். (சமையலுக்கு வைக்கும் தெர்மாமீட்டர் போதும். காய்ச்சல் பார்ப்பதைப் போட்டு உடைத்தவர் ஒருவர் உண்டு.) திறக்காவிட்டால் அதே டிகிரி பொறித்த புது வால்வு வாங்குங்கள். அதில் சின்ன ஓட்டை ஒன்று இருந்தால் அது மேல்பக்கம் வரும்படி வையுங்கள், காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். சாமான் விலை ஒரு வேளை டீசல் செலவு அளவுகூட வராது.

போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். ரேடியேட்டர் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. பாத்ரூம் ஆசிட் விட்டுக் கழுவலாமா? (பரங்கிப்பேட்டை)

வேண்டவே வேண்டாம். அந்த ஆசிட் அலுமினியத்தைத் தின்றுவிடும், சாலிடர் வைத்த இடங்களையும் விடாது. கடலோரத்து உப்புத் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றினால் இன்ஜினின் வெந்நீர் அறையில் கல் பிடிக்கத்தான் செய்யும். இரண்டு மில்லிமீட்டர் கல் பிடித்தாலே சூடு வெளியேற வழியில்லை. எலுமிச்சை உப்பு 200 கிராமை ஐந்து லிட்டர் நல்ல தண்ணீரில் கரைத்து ஊற்றி, அரைமணி ஓட்டி, ஆறவிட்டு, அடிக் குழாயைத் திறந்து வடியுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை மூன்று நாலு தடவை அலசுங்கள். அப்புறம் பேட்டரி தண்ணீரும் (டிஸ்டில்டு வாட்டர், ஆசிட் அல்ல) கூலன்டும் சரிபாதி. சின்ன வண்டிக்கு மொத்தமே நாலைந்து லிட்டர், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு எச்சரிக்கை: கல் கரைந்தால் அது இத்தனை நாள் அடைத்துவைத்திருந்த ஓட்டையும் தெரியவரும். அதற்கு என்னைத் திட்டக்கூடாது.

பச்சைக் கூலன்டில் சிவப்பைக் கலக்கலாமா? (பண்ருட்டி)

கூடாது. முழுசாக வடித்துவிட்டு ஒன்றை ஊற்றுங்கள்.

18 ஹெச்பி வண்டியில் ஐந்தடி ரோட்டவேட்டர் போட்டுச் சேறடிக்கிறேன். ஒரு மணி நேரத்தில் முள் சிவப்புக்குப் போகிறது, கரும்புகையும் வருகிறது. (காட்டுமன்னார்கோவில்)

கன்றுக்குட்டியை நுகத்தில் பூட்டிவிட்டு நுரை தள்ளுகிறதே என்று கேட்கிறீர்கள். ஐந்தடி ரோட்டவேட்டருக்கு 35 ஹெச்பியாவது வேண்டும். உங்கள் வண்டிக்கு மூன்றடி. கரும்புகை என்றால் டீசல் கூடுதலாகப் போகிறது, எரியக் காற்று போதவில்லை. ஏர் கிளீனர் ஆயிலையும் ஒரு முறை பாருங்கள், அது சேறாகியிருக்கும். ஆனால் அதைச் சுத்தம் செய்துவிட்டு அதே ஐந்தடியை மாட்டினால் பயனில்லை. ரேடியேட்டரில் குற்றமே இல்லை.

ஸ்லோவில் எவ்வளவு நேரம் நின்றாலும் சூடில்லை. ஆக்சிலேட்டர் ஏற்றிப் பத்து நிமிஷம் ஓட்டினால் கொதிக்கிறது. பெல்ட் சரியாக இருக்கிறது. (குறிஞ்சிப்பாடி)

இப்படித்தான் கேட்க வேண்டும், பாருங்கள். அடி ஹோஸைக் கவனியுங்கள். ஒருவர் ஆக்சிலேட்டரை ஏற்ற, நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். வாழைத்தண்டு மாதிரி உருண்டையாக இருந்த ஹோஸ் அப்பளமாக ஒட்டிக்கொள்கிறதா? அந்தப் பக்கம் பம்ப் உறிஞ்சுகிற பக்கம். ஹோஸுக்குள் ஒரு சுருள் கம்பி இருக்க வேண்டும், அது துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். கம்பியோடு புது ஹோஸ் போடுங்கள். ஃபேன் ஓடும்போது கையும் துண்டும் எட்ட இருக்கட்டும்.

மஞ்சள்தூள் போட்டால் ரேடியேட்டர் ஒழுகல் நிற்குமா? (வடலூர்)

வீடு வந்து சேரும்வரை நிற்கும். அப்புறம் அதே தூள் குழாய்களையும் அடைக்கும். சாலிடர் வைப்பவரிடம் கொடுங்கள்.

மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் தண்ணீரில் குமிழி வருகிறது. இரண்டு நாளைக்கு ஒரு லிட்டர் குறைகிறது, வெளியே ஒழுகல் இல்லை. (வில்லியனூர்)

ஆறிய இன்ஜினில்தானே திறந்தீர்கள்? சூட்டில் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிரப்பிய புதிதில் கொஞ்சம் காற்று வெளியேறும், அது வேறு. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட் போய்விட்டது, அல்லது ஹெட்டில் விரிசல். ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். கேஸ்கட்டை மட்டும் மாற்றிப் போடும் அவசரக்காரரிடம் கொடுக்காமல், ஹெட்டின் மட்டத்தை இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்க்கிறவரிடம் கொடுங்கள். 0.1 மில்லிமீட்டர் கோணல் இருந்தாலே புது கேஸ்கட்டும் சீக்கிரம் போய்விடும்.

மீட்டர் முள் கடைசிவரை பச்சையில்தான் இருந்தது. ஆனாலும் இன்ஜின் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. மீட்டர் பொய் சொன்னதா? (மடுகரை)

மீட்டர் தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னது. அதன் சென்சார் தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் சூட்டைச் சரியாகக் காட்டும். தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் அது காற்றில் நிற்கும், முள்ளும் இறங்கியே இருக்கும். அதனால்தான் தினமும் காலையில் மட்டம் பார்க்கச் சொல்கிறேன், ஆறி இருக்கும்போது. இனி யாருக்காவது வயலில் ஆவி பறந்தால்: தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்தால் பாரத்தை விட்டுவிட்டு ஐந்து நிமிஷம் ஸ்லோவில் ஓடவிடுங்கள். தண்ணீர் கொட்டிவிட்டால் உடனே அணையுங்கள். இரண்டிலும் வாய்க்கால் தண்ணீரை வாளியில் மொண்டு இன்ஜின் மேல் ஊற்றாதீர்கள், ஹெட் வெடிக்கும். உங்கள் இன்ஜினைப் பொறுத்தவரை, பிரித்து சிலிண்டர் லைனரில் கீறல் எவ்வளவு என்று பார்த்து எழுதுங்கள். ஃபோட்டோ எடுத்தால் வெளிச்சத்தில் எடுங்கள், போன முறை வந்தது வெறும் இருட்டு.