‘கிறிப்பில் இருந்து பெயரை எடுத்துத் தருகிறேன்’ என்பவரை நம்பலாமா?

கேள்வி: புதுக்குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்த்தும் கச்சான் பயிரிட்டும் வாழ்கிறேன். மூன்று நிறுவனங்களில் எடுத்த, வாராவாரம் தவணை கட்டும் குழுக் கடன்கள் நிலுவையில் உள்ளன. ஒன்றைக் கட்டுவதற்காகவே மற்றொன்றை எடுத்தேன். 25,000 ரூபா கொடுத்தால் கிறிப்பில் இருந்து என் பெயரை எடுத்துவிட்டு, காணிப் பெர்மிற்றை வைத்து மூன்றையும் ஒரே கடனாக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வெற்றுக் கடதாசியில் என் கையொப்பமும் கேட்கிறார். அவரை நம்பலாமா?

பதில்: சகோதரி, அவருக்குக் காசோ பெர்மிற்றோ கொடுக்க வேண்டாம். அவர் தருவதாகச் சொல்லும் இரண்டையும் அவரால் செய்ய முடியாது.

கிறிப் எனப்படும் கொடுகடன் தகவல் பணியகம் 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டது. கடன் கொடுத்த நிறுவனங்கள் அனுப்பும் விபரங்களையே அது பதிந்து வைக்கிறது. ஒழுங்காகக் கட்டிய கடனும் அதில் இருக்கும், தவறிய கடனும் இருக்கும். உண்மையான பதிவை இடைத்தரகர் எவராலும் அழிக்க முடியாது. பதிவு பிழையாக இருந்தால், உதாரணமாக, கட்டி முடித்த கடன் இன்னமும் நிலுவை எனக் காட்டப்பட்டால், அதைத் திருத்தக் கேட்கும் உரிமை உங்களுக்கே உண்டு. அடையாள அட்டையுடன் வங்கியினூடாகவோ இணையத்தினூடாகவோ உங்கள் அறிக்கையைச் சிறு கட்டணத்துடன் நீங்களே பெற்று, பிழையைக் கடன் தந்த நிறுவனத்துக்கும் பணியகத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். சரியான பதிவைப் பொறுத்தவரை, இனிவரும் தவணைகளைத் தவறாமல் கட்டி வருவதைத் தவிர வேறு வழியில்லை.

பெர்மிற் விடயம் இதைவிடப் பாரதூரமானது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பெர்மிற்றில் வழங்கப்பட்ட அரச காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. அப்படியிருக்க, தனியாள் ஒருவர் அந்தப் பத்திரத்தையும் வெற்றுக் கடதாசியில் உங்கள் கையொப்பத்தையும் கேட்பது எதற்காக என்று யோசித்துப் பாருங்கள். இடம்பெயர்ந்து, மீளக் குடியமர்ந்து, மீண்டும் கொட்டில் போட்டு எழுப்பிய வளவு அது. கோழிக் கடனுக்காக அதை எவர் கையிலும் கொடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அப்படியானால் யாரிடம் போவது? நல்ல ஆலோசகர் முதலில் உங்கள் கடன் அட்டைகளைத்தான் கேட்பார். அண்மையில் ஒரு தாயார் கொண்டுவந்த அட்டையை அவருடன் இருந்து வரிவரியாகப் பார்த்தேன். 100,000 ரூபா கடன். ஆண்டுக்கு 24 வீத வட்டி. மாதம் 10,333 ரூபா வீதம் 12 தவணைகள். மொத்தம் 124,000 ரூபா. பார்வைக்கு 24 வீதம்தான். ஆனால் மாதந்தோறும் முதலும் குறைந்துகொண்டே போவதால், ஆண்டு முழுவதையும் எடுத்துப் பார்த்தால் சராசரியாகப் பாதியை விடச் சற்று அதிகமான பணமே அவருடைய கையில் இருக்கிறது. வட்டியோ கடைசி மாதம் வரை முழு இலட்சத்துக்கும் அறவிடப்படுகிறது. குறைந்துவரும் நிலுவையின் மேல் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 42 வீதமாகும். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முதல் நாளிலேயே கழித்துக்கொண்ட காசையும் சேர்த்தால் இன்னும் கூடும். மூன்று கடன்களையும் ஒன்றாக்கித் தருவதாகச் சொல்பவர், இந்தக் கணக்கைத் தாளில் எழுதி, புதிய கடனுக்கு மொத்தமாக எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று காட்டட்டும். தவணைக் காசு குறைந்தாலும் காலம் நீண்டால் மொத்தத் தொகை ஏறிவிடும்.

உங்கள் மூன்று நிறுவனங்களும் மத்திய வங்கியின் அனுமதி பெற்றவையா என்று பாருங்கள். நுண்நிதிக் கம்பனிகளுக்கு 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உரிமம் வழங்கப்படுகிறது. உரிமம் பெற்றவற்றின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. அதன் மாகாண அலுவலகம் கிளிநொச்சியிலேயே இருக்கிறது. அனுமதி பெற்ற நிறுவனங்கள் பற்றிய முறைப்பாடுகளை 1935 என்ற இலக்கத்திலும் சொல்லலாம். பணம் அறவிட வருபவர் படலையில் நின்று அவதூறு பேசினால், திகதியையும் நேரத்தையும் குறித்து வைத்துப் பொலிஸில் முறையிடுங்கள். கடன் பாக்கி இருக்கிறது என்பதற்காக எவரும் உங்களை அவமதிக்க முடியாது.

அதற்கு முன்னர் மூன்று கிளை முகாமையாளர்களுக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதுங்கள். வாராந்தத் தவணை உங்கள் வருமானத்துக்குப் பொருந்தவில்லை என்பதையும், கோழியில் மாதம் எவ்வளவு வருகிறது, கச்சான் எப்போது கைக்கு வருகிறது என்பதையும் சொல்லி, அதற்கேற்ற தவணை கேளுங்கள். கச்சான் மண்ணுக்குள் இருக்கும்போதே வாராவாரம் காசு கேட்கும் ஏற்பாடுதான் எங்கள் ஊர்ப் பெண்கள் பலரை இரண்டாவது கடனுக்குத் தள்ளியது என்பது என் கணிப்பு. உங்களுக்குப் பிணை நின்ற குழுப் பெண்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் தவறினால் சுமை அவர்கள் தலையில் விழும்.

உங்கள் ஊர்ச் சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்தையும் கேட்டுப் பாருங்கள். அங்கத்தவர் கூட்டமும் வருடாந்தக் கணக்காய்வும் ஒழுங்காக நடக்கும் சங்கமாக அது இருக்க வேண்டும். வழக்கு என்று கடிதம் வந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வருமானம் குறைந்தோருக்கு அது இலவசமாக உதவுகிறது. உறுதிக் காணியை ஏற்கெனவே ஈடு வைத்தவர்களுக்கும், மீட்கும் நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்தவர்களுக்கும் கடன் இணக்கச் சபை என்ற வழியும் உண்டு. ஆனால் மீட்பதற்கான காலம் முடியும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

எங்கு போனாலும் மூலப் பத்திரங்களை வீட்டில் வைத்துவிட்டுப் பிரதிகளை மட்டும் கொண்டு செல்லுங்கள். கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஒரு கடன் முடிந்த அன்றே அதைத் தீர்த்ததற்கான கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். நாளைக்குக் கிறிப்பில் பிழை வந்தால் அந்தக் கடிதம்தான் உங்களுக்குச் சாட்சி.